உடம்பு முதலில் சொல்லும்

செல்வி ஒரு டெய்லர். பெங்களூரில், பீன்யா பக்கம், ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கிறாள்.

செல்வி என்பது ஒரு பெயர்தான். லட்சுமி என்றும் வைத்துக்கொள்ளலாம். கௌரம்மா என்றும் வைத்துக்கொள்ளலாம். பெங்களூரில் இந்த வேலை செய்கிறவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், ஒடியா பேசுகிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறார்கள்.

தொழிற்சாலையில் மிஷின்கள் வரிசையாக இருக்கும். அதற்கு லைன் என்று பெயர். முன்னால் இருப்பவர் தைத்துத் தந்தால்தான் பின்னால் இருப்பவர் தைக்க முடியும். ஒருவர் தாமதித்தால் லைன் முழுவதும் நிற்கும். மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு உண்டு. அதுதான் டார்கெட்.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி. செல்வியின் மிஷின் பக்கத்தில் காலர்கள் குவிந்து கிடந்தன. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, தூங்கறியா? பின்னால பாரு, எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்காங்க!"

செல்வி பெடலை அழுத்தினாள். மிஷின் பறந்தது. அடுத்த நிமிடம் ஊசி அவள் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கியது. நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

முதலுதவி அறையில்

தொழிற்சாலையில் ஒரு முதலுதவி அறை இருக்கிறது. அங்கே ஒரு வயதான நர்ஸ் இருக்கிறார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. அந்தத் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பிறகு குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டது.

சிஸ்டர் விரலைக் கழுவினார். ஊசி உடைந்து உள்ளே நிற்கிறதா என்று பார்த்தார். நல்ல வேளை, இல்லை. மருந்து வைத்துக் கட்டினார். தடுப்பூசி போட்டார். பிறகு கேட்டார்.

"காலையில இருந்து உடம்பு எப்படி இருந்தது, செல்வி?"

"நல்லாத்தான் இருந்தேன் சிஸ்டர். திடீர்னு இப்படி ஆயிடுச்சு."

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"ரெண்டு வாய்தான் சாப்பிட்டேன். இறங்கல. வயித்துல கல்லு வச்ச மாதிரி இருந்தது."

"தண்ணி?"

"குடிக்கல. குடிச்சா பாத்ரூம் போகணும். போனா அஞ்சாறு பீஸ் போயிடும்."

"தோள் வலிக்குதா?"

செல்வி தோளைத் தொட்டுப் பார்த்தாள். பலகை மாதிரி இருந்தது. தோள் இரண்டும் காதைத் தொடுகிற உயரத்தில் இருந்தன. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. விரல் நுனி சில்லென்று இருந்தது.

"திடீர்னு இல்ல செல்வி. உன் உடம்பு காலையில இருந்தே உனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தது. நீ கேக்கல. அவ்வளவுதான்" என்றார் சிஸ்டர்.

செல்வி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சிஸ்டர், போன வாரம் என் பையனை அடிச்சிட்டேன். கரண்டியால அடிச்சிட்டேன். பாலைக் கொட்டிட்டான், அதுக்கு. கையில தடிச்சுப் போச்சு. ஏன் அடிச்சேன்னு எனக்கே தெரியல. அன்னிக்கும் பல்லு இப்படித்தான் வலிச்சது."

மாடு துரத்தினால்

இதைப் புரிந்துகொள்ள ஒரு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தெருவில் நடக்கிறீர்கள். ஒரு மாடு கொம்பை ஆட்டிக்கொண்டு உங்களை நோக்கி ஓடிவருகிறது. நீங்கள் யோசித்துக்கொண்டு நிற்பீர்களா? யோசிப்பதற்கு முன்பே கால் ஓடும்.

அந்த ஒரு நொடியில் உடம்புக்குள் பல வேலைகள் நடக்கின்றன. நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அது அட்ரினலின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. ஓடுகிற காலுக்கும் எதிர்த்து நிற்கிற கைக்கும் ரத்தம் அதிகமாகப் போகிறது. தசைகள் இறுகுகின்றன. தோலுக்குப் போகிற ரத்தம் குறைகிறது. அதனால்தான் விரல் நுனி சில்லென்று ஆகிறது. வயிற்றில் ஜீரணம் நின்றுபோகிறது. உயிர் பிழைத்தால் பிறகு ஜீரணம் செய்துகொள்ளலாம் அல்லவா?

வால்டர் கேனன் என்று அமெரிக்காவில் ஓர் உடலியல் அறிஞர் இருந்தார். அவர் பூனைகளுக்கு உணவு கொடுத்து, எக்ஸ்ரே வழியாக அவற்றின் வயிற்றைப் பார்த்தார். பூனை அமைதியாக இருந்தபோது வயிறு அசைந்து அசைந்து ஜீரணம் செய்தது. பூனை மிரண்டதும் வயிறு அசையாமல் நின்றது. பயமும் கோபமும் உடம்பை எப்படி மாற்றுகின்றன என்று அவர் 1915-இல் ஒரு புத்தகம் எழுதினார்.

செல்விக்குச் சோறு இறங்காததும் இதனால்தான். சோற்றில் குறை இல்லை.

மாடு போய்விட்டால் உடம்பு மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் சூப்பர்வைசர் போக மாட்டார். டார்கெட் போகாது. வட்டிக்காரர் வாரா வாரம் வருவார். கொம்புள்ள மாட்டுக்கும் கத்துகிற மனிதருக்கும் உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி தயாராகிறது. நாள் முழுவதும் ஓடத் தயாராக இருக்கிறது. ஆனால் ஓட முடியாது. மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்படியே மாதக்கணக்கில் போனால் தூக்கம் கெடும். தலைவலி வரும். ரத்த அழுத்தம் ஏறலாம். எரிச்சல் வரும். அந்த எரிச்சல் சூப்பர்வைசர் மேல் போகாது. வீட்டில் சின்னவர்கள் மேல்தான் போகும்.

ஆக்சிலேட்டரும் பிரேக்கும்

செல்வியின் கணவர் முருகன் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு இதைச் சொல்வது சுலபம். ஆட்டோவில் ஆக்சிலேட்டர் இருக்கிறது. பிரேக்கும் இருக்கிறது. உடம்பிலும் அப்படித்தான். ஒரு வகை நரம்புகள் வேகத்தைக் கூட்டுகின்றன. இன்னொரு வகை நரம்புகள் வேகத்தைக் குறைக்கின்றன. நாம் சொல்லாமலே இரண்டும் இரவும் பகலும் வேலை செய்கின்றன.

பிரேக் நரம்புகளில் பெரியதற்கு வேகஸ் என்று பெயர். பெயரில் 'வேகம்' இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது லத்தீன் மொழிச் சொல். அலைந்து திரிவது என்று பொருள். மூளையில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், வயிறு என்று எல்லா இடமும் போய் வருகிறது அந்த நரம்பு.

"இதயத்தைப் பார்த்து, மெதுவா அடின்னு நாம சொல்ல முடியாது. ஆனா மூச்சு நம்ம பேச்சைக் கேக்கும். மூச்சு வழியா இதயத்துக்கிட்ட பேசலாம்" என்றார் சிஸ்டர்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காசு செலவு இல்லை.

இடது உள்ளங்கையைத் திருப்பி வையுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், வலது கையின் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். டக், டக் என்று தெரிகிறதா? அதுதான் நாடி. கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணுங்கள். வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். 38 வந்தால் நிமிடத்துக்கு 76. பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்கலாம்.

இப்போது கையை எடுக்காமல் மூக்கால் மூச்சை இழுங்கள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக விடுங்கள். கவனித்துப் பார்த்தால் இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைவாகும். விடும்போது கொஞ்சம் மெதுவாகும். சிலருக்கு நன்றாகத் தெரியும். வயதானவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

மூச்சை விடும்போதுதான் பிரேக் பிடிக்கிறது. ஆகவே விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். நான்கு எண்ணும்வரை இழுங்கள். ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 நொடி ஆகும். பத்து மூச்சுக்கு 100 நொடி. இரண்டு நிமிடம்கூட இல்லை.

பதற்றமாக இருப்பவரிடம் எல்லோரும் என்ன சொல்கிறார்கள்? "நல்லா மூச்சை இழு, இழு" என்கிறார்கள். இது பாதி சரி. வேக வேகமாகப் பெரிய மூச்சு இழுத்தால் தலை சுற்றும். விரலும் உதடும் மரத்துப் போகும். பயம் இன்னும் கூடும். "மெதுவா விடு" என்று சொல்வதுதான் சரி. மூச்சை அடக்கி வைக்கவும் தேவை இல்லை. கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அடக்கவே வேண்டாம்.

ஆளுக்கு ஓர் அடையாளம்

செல்விக்கு முதலில் பல் இறுகும். பிறகு தோள் ஏறும். பிறகு வயிறு.

முருகனுக்கு அப்படி இல்லை. சிக்னலில் நிற்கும்போது தேவை இல்லாமல் ஹாரன் அடிப்பார். ஹாரன் அடிக்க ஆரம்பித்தால் உள்ளே ஏதோ ஏறுகிறது என்று பொருள். அன்று கட்டாயம் யாரோடாவது சண்டை வரும். மாமியாருக்கு அடிக்கடி சிறுநீர் வரும். பையனுக்குப் பரீட்சை நாள் காலையில் வயிறு வலிக்கும். பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் பொய் சொல்கிறான் என்று செல்வி திட்டியிருக்கிறாள். பொய் இல்லை. உண்மையாகவே வலிக்கும்.

வேறு சிலருக்கு வாய் உலரும். சிலருக்கு உள்ளங்கை வியர்க்கும். சிலர் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். சிலர் ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது முதலில் தெரிந்துவிடும். உரியவருக்குக் கடைசியில்தான் தெரியும். ஆகவே உங்கள் அடையாளம் எது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

முதல் அடையாளத்திலேயே கண்டுகொண்டால் ஐந்து மூச்சு போதும். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைத்து என்ன பயன்?

"மூச்சு விட்டுக்கிட்டு உட்கார்ந்தா டார்கெட் யார் தைப்பாங்க?" என்று செல்வி கேட்டாள். நியாயமான கேள்வி.

சிஸ்டர் உட்காரச் சொல்லவில்லை. ஒரு பண்டில் முடிந்து அடுத்த பண்டிலை எடுக்கும்போது தோளை இறக்கச் சொன்னார். பாபின் மாற்றும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். நூல் வெட்டும்போது மூச்சை நீளமாக விடச் சொன்னார். மணிக்கு ஒரு தடவை தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொன்னார்.

மூன்று நாள் செய்யும்போது ஒன்றும் தெரியவில்லை. செல்வி அதை ஒளிக்காமல் சிஸ்டரிடம் சொன்னாள். "பல்லு கடிக்கிறது இப்பவாவது தெரியுதா?" என்று கேட்டார் சிஸ்டர். "அது தெரியுது. பத்து மணிக்கே தெரியுது." "அது போதும் இப்போதைக்கு."

குவார்ட்டரும் பீடியும்

முருகனுக்கு வேறு வழி இருந்தது. இரவில் ஒரு குவார்ட்டர். "இது குடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார்.

குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும். அது உண்மை. ஆனால் பாதி இரவுக்குப் பிறகு தூக்கம் கலைந்து கலைந்து போகும். இதயம் வேகமாக அடிக்கும். காலையில் எரிச்சலோடு எழுந்திருப்பார். அந்த எரிச்சலுக்கு மறுபடி சாயங்காலம் குவார்ட்டர்.

பீடி, சிகரெட்டும் இதே மாதிரிதான். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் இதயத் துடிப்பைக் கூட்டும். குறைக்காது. பிறகு ஏன் பீடி பிடித்ததும் நிம்மதியாக இருக்கிறது? பழகிய உடம்பு நிக்கோட்டின் இல்லாமல் தவிக்கிறது. பீடி அந்தத் தவிப்பை அடக்குகிறது. தவிப்பை உண்டாக்கியதும் பீடிதான்.

டீயை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம்.

மூச்சால் தீராதது

பல்லைத் தளர்த்தினால் டார்கெட் குறையாது. பாத்ரூம் போகப் பயப்படுகிற பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லித் தருவது நேர்மை ஆகாது. தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர்க் கடுப்பு வரும். அதற்கு மருந்து தண்ணீரும் பாத்ரூமும்தான்.

செல்வி தனியாகப் போய் சூப்பர்வைசரிடம் கேட்டிருந்தால் திட்டு விழுந்திருக்கும். அவள் லைனில் உள்ள பெண்கள் எட்டு பேர் சேர்ந்து மேனேஜரைப் பார்த்தார்கள். சிஸ்டரும் கூடப் போனார். எத்தனை பேர் சிறுநீர்க் கடுப்போடு தன்னிடம் வருகிறார்கள் என்று நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஒருவர் பாத்ரூம் போனால் அந்த நேரத்துக்கு ஒரு ஹெல்பர் மிஷினில் உட்காரலாம் என்று முடிவானது. டார்கெட் குறையவில்லை. கத்துவதும் நிற்கவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்க முடிகிறது.

பெங்களூர்ப் பெண்கள் இதைவிடப் பெரிய காரியமும் செய்திருக்கிறார்கள். 2016-இல் பி.எஃப். விதியை மத்திய அரசு மாற்றியது. முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது. கார்மெண்ட்ஸ் பெண்களுக்கு அந்தப் பணம்தான் சேமிப்பு. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். ஏப்ரல் 18, 19 தேதிகளில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்துவிட்டார்கள். நகரம் நின்றது. 19-ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

நெஞ்சில் பாறை வைத்த மாதிரி அழுத்துகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அதை டென்ஷன் என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. மூச்சை எண்ணிக்கொண்டும் இருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி குறைவாக இருந்து, வாந்தியும் அசதியும் மூச்சுத் திணறலும் அதிகமாக இருப்பதும் உண்டு. "வாயு" என்று சொல்லி ஓமம் கொடுத்து நேரத்தைக் கடத்திவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் போகவில்லை, அழுகை அழுகையாக வருகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இது பைத்தியம் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. மருந்தும் பேச்சும் சேர்ந்து குணமாக்குகிற நோய். செத்துப்போகலாம் என்று நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இதற்கு ஒரு போன் எண் இருக்கிறது: 14416. டெலி மானஸ் என்று பெயர். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. இந்தியாவில் எங்கிருந்தும் பேசலாம். தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைச் செல்வி தன் கையெழுத்தில் எழுதி, கேஸ் சிலிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாள். அவளுக்கு அல்ல, மாமியாருக்கு. மாமனார் இறந்ததில் இருந்து மாமியார் சரியாகப் பேசுவதே இல்லை.

ஒரு சாயங்காலம்

அன்று டார்கெட் முடியவில்லை. பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. கேஸ் தீரப்போகிறது. செல்வி தோசை மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். பையன் ஓடிவந்தான். கால் பட்டது. பாத்திரம் கவிழ்ந்தது. இரண்டு நாள் மாவு தரையில் ஓடியது.

செல்வியின் கையில் கரண்டி இருந்தது.

பல் இறுகியது. அவளுக்குத் தெரிந்தது. தோள் ஏறியது. அதுவும் தெரிந்தது. கரண்டியை மேடையில் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சை விட்டாள். இன்னொன்று. இன்னொன்று.

பையன் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கையை முகத்துக்கு முன்னால் வைத்திருந்தான்.

"கண்ணு தெரியலையாடா உனக்கு? வீட்டுக்குள்ள ஏன் ஓடறே?" என்று செல்வி கத்தினாள். நன்றாகவே கத்தினாள். ஆனால் அடி விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பையன் கையைக் கீழே இறக்கினான்.

"ஏம்மா, குக்கர் மாதிரி மூச்சு விடறே?"

"துணி எடுத்துட்டு வாடா, துடைக்கலாம்" என்றாள் செல்வி.